சுத்தமான வாய்

எழுபதாம் வருஷத்துப் பஞ்சாயத்துத் தேர்தலில், எதிராளியைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை பேசாத மனுஷன் என்று எளாவூர் முழுக்கப் பாக்கியநாதனுக்குப் பேர். பாதிரியார்கூடப் பிரசங்கத்தில் மெச்சினார். பாக்கியநாதனுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

எதிராளி யேசுதாஸ். அவர் மகள் ஞானம்மா புருஷனை விட்டு வந்தவள். அவளை நாறடிக்கிற வேலையைப் பாக்கியநாதனின் பேச்சாளர் சபாபதி பார்த்துக்கொண்டார். அவள் வீட்டு வாசலில் எத்தனை லாரி நிற்கிறது என்று மேடையில் எண்ணிச் சொல்வார். கூட்டம் சிரித்து ஓய்ந்ததும் பாக்கியநாதன் ஜீப்பில் வந்திறங்கி, கைகூப்பி, ரோடு, குடிதண்ணீர் என்று பேசுவார்.

ஒருநாள் காலையில் ஞானம்மாவே அவர் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்க ஒருநாளும் என் பேச்ச எடுத்ததில்ல. உங்க ஆளுதான் நீங்க இல்லாத நேரமா பாத்து அசிங்கமா பேசிக்கினு கீறான். உங்ககிட்ட யாரும் சொல்லிருக்க மாட்டாங்க. கொஞ்சம் முன்னாடியே மேடைக்குப் போயிடுங்கண்ணா. நீங்க இருந்தா பேச மாட்டான்."

"சரிம்மா" என்றார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் சீக்கிரமே கிளம்பினார். டிரைவர் வழக்கம்போலச் செக்போஸ்ட் டீக்கடையில் ஜீப்பை நிறுத்தினான். நேராகப் போ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தூரத்தில் சபாபதியின் குரல் ஒலிபெருக்கியில் ஆரம்பித்தது.

கடைக்காரர் கேட்காமலே டீயைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இன்னும் சிரிப்பு சத்தம் கேக்கல தலைவரே. டைம் கீது, உக்காருங்க."

பாக்கியநாதன் உட்கார்ந்தார்.