நடு அடுக்கின் ஆயுள்

சலவைக்கூடத்தின் பின்னால் இருந்த, சலவைக்குச் சூடு தரும் வெப்பக் குளத்தில் மூன்று அடுக்குகள் இருந்தன. மேலே ஏறத்தாழ நன்னீர். அடியில் வெயிலை வாங்கிச் சூடேறிய கனத்த உப்புநீர். இரண்டுக்கும் நடுவே, ஆழத்தோடு உப்பும் கூடிக்கொண்டே போகும் ஒரு மீட்டர் நீர். நடு அடுக்கு அசையாத வரை அது அடிநீருக்குப் போர்வை. அது கலைந்தால், இரண்டு கோடைகளில் சேர்த்த சூடு சில நாள்களில் காற்றோடு போய்விடும்.

நடு அடுக்கு எத்தனை நாள் தாங்கும் என்று கணினியில் கணித்துச் சொல்வது அண்ணியின் வேலை. குளத்தை வெட்டிப் பராமரித்தவர் அவளுடைய கணவனின் தம்பி. அவர் அழைப்பதைக் கேட்டுக் கேட்டு, அவளைவிடப் பத்து வயது மூத்த சலவைக்கூட மேலாளரும் அவளை அண்ணி என்றே அழைக்கத் தொடங்கியிருந்தார். அதை நிறுத்த அவளுக்கு வழி தெரியவில்லை.

மேலாளருக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கடிதம் வேண்டும். மூன்று மாதத்துக்குக் குளம் சூடு தரும் என்று அண்ணி கையெழுத்திட வேண்டும். இல்லையேல் எரிவாயுக் கொதிகலன் வந்துவிடும், கொழுந்தன் தம் குளத்தைத் தாமே மூட வேண்டியிருக்கும். செவ்வாயன்று கணினி தந்த விடை: முப்பத்தெட்டு நாள்.

அவள் தன் சமன்பாடுகளை நான்கு முறை சரிபார்த்தாள். பிழை இல்லை. அடிநீரின் அடர்த்திதான் மூன்று வாரங்களாகச் சரிந்துகொண்டிருந்தது. கன மீட்டருக்கு ஆயிரத்து நூற்று நாற்பத்தைந்து கிலோவாக இருந்தது, முதல் வாரமே ஆயிரத்து நூற்று இருபத்தொன்றாகி, பிறகு வாரத்துக்கு இரண்டிரண்டாக இறங்கியது. அடர்த்தி குறைந்தால் உப்பு குறைந்திருக்கிறது என்று பொருள். அடியில் உப்பு குறைந்தால் நடு அடுக்கு நிலைக்காது. நீர் கசியாமலிருக்கக் குளத்தடியில் போட்ட விரிப்பில் ஓட்டை இருக்குமோ என்று அவள் கேட்டதற்கு, கொழுந்தன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழன் காலை, அளப்பதை நேரில் பார்க்கக் குளக்கரை அறைக்குப் போனாள்.

“நீங்க வந்து நின்னா உப்பு ஊறிடுமா அண்ணி?”

“ஊறாது தம்பி. சிந்தாம ஊத்துறீங்களான்னு பாக்க வந்தேன்.”

அவர் சிந்தவில்லை. ஃபிளாஸ்கைத் திறந்து, உயரமான கண்ணாடிக் குழலில் அடிநீரை ஊற்றி, அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டார். அவள் குழலைத் தன் பக்கம் திருப்பக் கை நீட்டினாள்.

“தொடாதீங்க, சுடும். எழுபத்தாறு டிகிரி. நீங்க குடுத்த ஃபிளாஸ்க் நல்ல ஃபிளாஸ்க்.”

நீட்டிய கை அப்படியே நின்றது.

முன்பெல்லாம் அவர் பிளாஸ்டிக் பாட்டிலில் நீரெடுத்து, சாப்பாட்டுக்குப் பின் அளப்பார், அதற்குள் ஆறியிருக்கும். மூடியின் இடுக்கில் ஆவி போனால் அடர்த்தி ஒன்றிரண்டு கூடித் தெரியுமே என்று கவலைப்பட்டு, மூன்று வாரத்துக்கு முன் வீட்டிலிருந்து ஃபிளாஸ்க் கொண்டுவந்து கொடுத்தவள் அவளே. எண் குறையும் என்று எதிர்பார்த்தாள், குறைந்தது, எவ்வளவு என்று யோசிக்காமல் மகிழ்ந்தாள். இருபத்தைந்து டிகிரியில் அளக்க வேண்டும் என்று ஹைட்ரோமீட்டரின் தண்டிலேயே அச்சிட்டிருந்தது. சுடுநீரில் அது கூடுதலாக அமிழ்ந்து எண்ணைக் குறைத்துக் காட்டும். குளம் சூடேறச் சூடேற, உப்பு தொலைவதாக இருவரும் துக்கம் அனுசரித்திருக்கிறார்கள்.

அவள் ஒரு வாளி குளிர்ந்த நீர் மட்டும் கேட்டாள். குழலைத் தட்டால் மூடி வாளிக்குள் இறக்கிவைத்து நாற்பது நிமிடம் காத்திருந்தார்கள். கொழுந்தன் குனிந்து படித்தார். நிமிர்ந்து, மறுபடி குனிந்தார். ஆயிரத்து நூற்று நாற்பத்தைந்து.

“தப்பு என்னோடது தம்பி. ஃபிளாஸ்க் குடுத்தது நான்தான்.”

“மூணு வாரமா என்னைத் திருடனைப் பாக்குற மாதிரி பாத்தீங்க.”

“திருடன்னு நினைக்கல. ஓட்டைன்னுதான் நினைச்சேன்.”

அவர் சிரித்து முடிக்க நேரம் பிடித்தது.

திருத்திய எண்களுக்குக் கணினி தந்த விடை இருநூற்றுப் பதினொரு நாள். கடிதத்தில் அவள் மூன்று மாதம் என்றே எழுதினாள். கேட்டதற்கு மேல் ஒரு நாளுக்கும் உறுதி கொடுக்கவில்லை. தவறு எப்படி நேர்ந்தது என்பதையும் ஒரு பத்தியில், தன்னை எழுவாயாக வைத்தே எழுதினாள். மேலாளர் அந்தப் பத்தியைத் தாண்டிக் கையெழுத்துக்குப் போய், கொதிகலன்காரருக்குத் தொலைபேசியில் வேண்டாமென்று சொன்னார்.

மாலையில் கொழுந்தன் குளத்துச் சூட்டை எடுக்கும் வால்வின் பக்கத்தில் நின்றுகொண்டு, இவ்வளவு சூடு இருப்பதால் இன்னும் கொஞ்சம் எடுக்கலாமா என்று கேட்டார். கணக்குப் போட்டு நாளைக்குச் சொல்வதாக அவள் சொன்னாள். அதற்குள் அவர் கை வால்வில் இருந்தது.

“அரைச் சுத்துதான் அண்ணி.”

“கால்.”

அவர் கால் சுற்றுத் திறந்தார்.