பாலத்து வரிசையில் நாலு குப்பி

பாலத்தின் மேல் பதினோரு வண்டிகள் காத்துக் கிடந்தன. லோர்னா கோட்டுக்குள் கையை விட்டு இன்சுலின் குப்பிகளை மறுபடி தடவிப் பார்த்தாள். நாலும் வயிற்றோடு ஒட்டிக் கதகதப்பாக இருந்தன. மினசோட்டாவின் வடகோடியில் ஜனவரி மாதம் மருந்து வாங்கப் போகிறவர்கள் எல்லாரும், குளிரில் அது உறையாமல் இருக்க, அப்படித்தான் கொண்டுவருவார்கள்.

புருஷன் டோய்வோவுக்குச் சர்க்கரை. தாள் ஆலை அவனை வேலையிலிருந்து நிறுத்தியபோது மருத்துவக் காப்பீடும் கூடவே போனது. ஆற்றுக்கு அக்கரையில், கனடாவில், அதே மருந்து பத்தில் ஒரு பங்கு விலை. வீட்டில் மிச்சமிருந்தது இரண்டு ஊசிக்குத்தான் தேறும்.

வண்டி ரேடியோவில் ஓர் அரசியல்வாதி, வெளிநாட்டு மருந்தை உள்ளே விட்டால் மக்கள் உயிருக்கு யார் பொறுப்பு என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கத்துக்காரன் என்ன, குதிரை மருந்தா போட்டுக்கிறான்? அதே கம்பெனி, அதே லேபிளு," என்றான் ஸ்டியரிங்கில் இருந்த டோய்வோ.

வாய்தான் அப்படிச் சொன்னது. அமெரிக்க எல்லைச் சோதனைச் சாவடி நெருங்க நெருங்க அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"லோர்னா, அத வெளிய எடு. கோட்டுக்குள்ள இருந்தா கடத்துற மாதிரி இருக்கும்."

"குளிருய்யா."

"திருட்டுச் சாமானா கொண்டு போறோம்? கண்ணு முன்னால இருக்கட்டும். அஞ்சு நிமிஷந்தான்."

குப்பிகளைப் பையில் போட்டு, டாக்டர் சீட்டோடு ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தாள்.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு உள்ள வாங்க. மருந்தைத் தொடாதீங்க. மேலிடத்துல கேட்கணும். நாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எது சட்டம்னு எங்களுக்கே தெரியல."

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. லோர்னா மூன்று தடவை எழுந்து போனாள்.

"சார், அது உறைஞ்சிரும்."

"சாவி எங்ககிட்டதாம்மா இருக்கு. யாரும் எடுக்க மாட்டாங்க."

இரண்டு மணி நேரம் கழித்து அதிகாரி அவர்களோடு வண்டி வரை நடந்து வந்தார். "சொந்த உபயோகம்தானே, விட்டுடச் சொல்லிட்டாங்க."

ஒரு குப்பி விரிசல் விட்டிருந்தது. மற்ற மூன்றிலும் வெள்ளைக் கட்டி.

"உருகினா சரியாயிரும்ல?" என்றான் டோய்வோ, அவள் முகத்தைப் பார்க்காமல்.

முதியோர் இல்லத்தில் துணி வெளுப்பவள் அவள். உறைந்துபோன இன்சுலினை நர்சுகள் குப்பையில் போடுவதைப் பார்த்திருக்கிறாள். பையை அதிகாரியிடம் நீட்டினாள்.

"செத்துப் போச்சு சார் இது. இனி போட்டா வேலை செய்யாது."

"அது எங்க பொறுப்புல வராதும்மா."

அவர் பையை வாங்கி, 'சோதிக்கப்பட்டது' என்ற பச்சைச் சீட்டை ஒட்டினார். குளிரில் பசை பிடிக்கவில்லை. ஓரம் தூக்கிக்கொள்ளாதபடி கட்டைவிரலால் நாலு மூலையையும் நன்றாக அழுத்திவிட்டுக் கொடுத்தார்.