கொர்வினா கடித்த நேரம்

பெரிய வெள்ளிக்கு இறைச்சிக்குப் பதிலாகச் சமைக்கும் மீன் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனதற்குக் காரணம் சிறை அதிகாரிகள். பெரிய வெள்ளிக்கு விடுப்பு கிடையாது, ஈஸ்டர் ஞாயிறு ஒரு பகல் மட்டும் வீட்டுக்குப் போய்வரலாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதனால் ஓத்திலியா அம்மாள் பெரிய வெள்ளியன்று வெறும் ரொட்டியும் தேநீருமாக ஒப்பேற்றினாள்.

"என் பிள்ளை வந்து பிடிக்கிற கொர்வினா மீன்தான் இந்த வீட்ல வேகும். ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார். அவர் சிநேகிதக்காரங்களே மீன்காரங்கதானே!"

பிள்ளையின் பெயர் நிபால்தோ. காலையில் சிறை வாசலில் கையெழுத்துப் போட்டு அவனை அழைத்து வந்தவள் அக்கா எர்சிலியா. இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டியவளும் அவள்தான். தண்டனையில் இன்னும் ஆறே மாதம் பாக்கி. இன்று ஒழுங்காகத் திரும்பினால் ஆறு மாதம். திரும்பாவிட்டால் எத்தனை வருடம் என்று எர்சிலியா நினைத்துப் பார்க்கவே பயந்தாள். அம்மாவின் இருதயம் அவ்வளவு வருடம் தாங்காது.

கடற்கரையில் மூடுபனி அப்பிக் கிடந்தது. அலை கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்கு மட்டும் தெரிந்தது. நிபால்தோ பேண்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நின்றான். இடது கையில் நைலான் தூண்டில் நரம்பு சுற்றிய பால்பவுடர் டப்பா. வலது கையால் ஈயக்குண்டைத் தலைக்கு மேல் சுழற்றி வீசினான். நரம்பு டப்பாவிலிருந்து விர்ரென்று உருவிக்கொண்டு பனிக்குள் பாய்ந்து, சற்றுத் தூரத்திலேயே பொத்தென்று விழுந்தது.

"கை துருப்பிடிச்சுப் போச்சுடா உனக்கு" என்றாள் எர்சிலியா. "மீனுக்கு வீசறியா, கோழிக்குத் தீனி போடறியா?"

"நீ பேசாம பூச்சியைத் தோண்டு அக்கா. உன் தொண்டைக்கே மீனெல்லாம் எல்லை தாண்டிப் பெரு நாட்டுக்கு ஓடிடும்."

அவள் அலை பின்வாங்கிய ஈர மணலைக் குதிகாலால் கிளறி, புதைந்து ஓடும் மணல்பூச்சிகளை இரைக்குப் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே தம்பியைக் கவனித்தாள். கடலைப் பார்த்து நிற்கவேண்டியவன் அடிக்கடி மணல்மேட்டைத் திரும்பிப் பார்த்தான். மேட்டுக்குப் பின்னால் ஏதோ ஒரு வண்டியின் என்ஜின் அணையாமல் உறுமிக்கொண்டிருந்தது. ஈஸ்டர் ஞாயிறு காலையில், இந்தப் பனியில், யார் வண்டி?

கொஞ்ச நேரத்தில் அவன் கரையேறி வந்து டப்பாவையும் நரம்பையும் அவள் கையில் திணித்தான்.

"பிடி அக்கா. ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்."

போனான். போகிற வழியில் குனிந்து, காலில் ஷூவை மாட்டி, கயிற்றை இழுத்து இறுக்கி முடிந்தான்.

மணலில் ஒன்றுக்குப் போகிறவன் எவன் ஷூவை இறுக்கிக் கட்டுகிறான்?

எர்சிலியா சட்டென்று நிமிர்ந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் பனி அவனை விழுங்கிவிட்டது. மேட்டுக்குப் பின்னால் வண்டிக் கதவு திறக்கும் சத்தம்.

அந்த நிமிடம் பார்த்து நரம்பு சுண்டியது.

கொர்வினா. சந்தேகமே இல்லை. ஒரு தட்டு, இரண்டு தட்டு, அப்புறம் ஒரே இழுப்பு. இதற்கு என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நரம்பைத் தோளில் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, தொய்ய விடாமல் கரைமேல் நடக்கவேண்டும். இதைவிடப் பெரியதை அவள் சிறுமியாகவே இழுத்துப் போட்டவள்.

நரம்பைத் தோளில் போட்டாள். நடந்தாள். நடந்துகொண்டே தொண்டை கிழியக் கத்தினாள்.

"நிபா! பெரிய மீன்டா! என்னால முடியல! நரம்பு கையை அறுக்குது... போகப் போகுது, ஓடிவா!"

என்ஜின் உறுமல் கூடியது. ஹாரன் ஒருமுறை அடித்தது, பொறுமையில்லாமல் மறுமுறையும் அடித்தது.

பிறகு மணலில் தடதடவென்று கால்கள். கடலை நோக்கி.

ஷூவோடு தண்ணீரில் பாய்ந்தான் நிபால்தோ. "தொய்ய விடாதே, தொய்ய விடாதே!" என்று அலறிக்கொண்டே அலையோடு வந்த மீனை இரண்டு கையாலும் வாரி அணைத்துக் கரையில் எறிந்தான். வெள்ளி நிறத்தில், கை நீளத்துக்கு, துள்ளியது. சின்னப் பையனைப் போலச் சிரித்தான். மேட்டுக்குப் பின்னால் வண்டி கிளம்பிப்போன ஓசை, சிரிப்பு அடங்கிய பிறகுதான் இருவருக்கும் கேட்டது.

"கையைக் காட்டு. ரொம்ப அறுத்துடுச்சா?"

அவள் கையை மூடிக்கொண்டாள். அவன் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.

"ஆறு மாசம்தான்டா" என்றாள் எர்சிலியா படபடவென்று. "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா முடிஞ்சிடும். ஓடிப்போனா அம்மா என்ன ஆவா? நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். யோசிச்சியா நீ?"

அவன் ஈரச் சட்டையை மேலே தூக்கினான். விலா எலும்புக்குக் கீழே, கோணல்மாணலாகத் தைத்த காயம். இன்னும் சிவப்பு மாறவில்லை.

"போன வாரம்" என்றான். "என் செல்லுல இருக்கறவங்க குத்தினாங்க. பாதியில ஆள் வந்துட்டதால தப்பிச்சேன். மிச்சத்தை ஈஸ்டர் முடிஞ்சு வச்சுக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

அவள் சட்டையை இழுத்து இறக்கினாள். "ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா கையெழுத்துப் போட்டிருப்பியா?"

"அந்த வண்டியைத் திரும்பக் கூப்பிடு. இப்பவே கூப்பிடு."

"அது ஒரு தடவை வர்ற வண்டி அக்கா."

ஓத்திலியா அம்மாள் மீனை வெங்காயமும் தக்காளியும் போட்டு அடுப்பில் வேகவைத்தாள். தலைப்பகுதியை மகன் தட்டில் வைத்தாள். "இளைச்சுப் போயிட்டேடா" என்று மறுபடி மறுபடி பரிமாறினாள். அவன் எல்லாவற்றையும் சாப்பிட்டான். எர்சிலியா ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சிறைக்குப் போகும் சாலையில் காரை ஓரங்கட்டினாள்.

"போகவேண்டாம்டா. இறங்கி எங்கேயாவது போயிடு. நான் பார்த்துக்கறேன்."

"நடந்தா? ராத்திரிக்குள்ள எந்த பஸ் ஸ்டாண்டிலயாவது பிடிச்சிடுவாங்க. பிடிச்சு அதே செல்லுக்குத்தான் அனுப்புவாங்க."

"அப்ப அதிகாரிகிட்ட காயத்தைச் சொல்றேன்."

"சொல்லு. காட்டிக்கொடுத்துட்டேன்னு ஈஸ்டர் முடியற வரைக்கும்கூட விட்டுவைக்க மாட்டாங்க." அவள் தோளைத் தட்டினான். "வண்டியை எடு அக்கா. லேட்டாச்சுன்னா உன் பேர் கெடும்."

சிறை வாசலில் இளம் காவலன் பேரேட்டை அவள் பக்கம் திருப்பினான். கம்பிக் கதவு திறந்தது. நிபால்தோ உள்ளே நடந்தான். ஈர ஷூ தரையில் சளக் சளக்கென்றது.

"இருட்டறதுக்கு முன்னாடியே கொண்டுவந்துட்டீங்களே அம்மா" என்று சிரித்தான் காவலன். "எல்லாருக்கும் உங்களை மாதிரி ஒரு அக்கா வாய்க்கணும்."

எர்சிலியா பேனாவை எடுத்தாள். கையெழுத்து கட்டத்தைவிட்டு வெளியே ஓடியது.