கல்கத்தாவில் நான்கு மாதங்கள்

மூன்றாவது அடியில் பூட்டு தெறித்தது. ட்ரங்குப் பெட்டியின் சாவி எப்போதும் வேலாயுதத்தின் அரைஞாணில் தொங்கும். காலையில் அவர் உடலைக் குளிப்பாட்டியபோது எங்கோ விழுந்துவிட்டது.

கணவனின் கால்மாட்டில் உட்கார்ந்து தங்கம்மா பெட்டியையே பார்த்தாள். அவருக்கு இருந்ததாக அவள் நம்பிய கல்கத்தாக்காரியின் போட்டோ அதில்தான் இருக்க வேண்டும். கல்யாணமான மறுவருஷம், எழுபத்தொன்றின் கடைசியிலிருந்து, நாலு மாதம் அவரிடமிருந்து கடுதாசி இல்லை. பிறகு யாரோ எழுதிய ஒரு கார்டு, கல்கத்தா முத்திரையோடு. கேட்டால் 'சண்டைக்குப் போனேன்' என்பார். இன்னும் கேட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

வாசலில் மகன் யோகராஜ் கட்டிய ஃப்ளெக்ஸ்: 'வங்கப் போரின் பீரங்கிச் சிங்கம்'. அந்தமானின் பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டி வரை இன்னும் மூன்று. மலர்வளையத்தோடு வந்த முன்னாள் ராணுவத்தினர் சங்கச் செயலாளர் தேவேந்திரனோ, டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்க்காமல் அதைக் கீழே வைப்பதாயில்லை.

"போன மாசம் ஒருத்தருக்கு சல்யூட்டே அடிச்சிட்டோம் தம்பி. அப்புறம் பாத்தா, ஆள் ராணுவமே இல்ல, லாரி டிரைவர். காகஜ், பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கணும்."

புத்தகம் கிடைத்தது. கொடியேற்றப்போகிறவரைப்போலத் தேவேந்திரன் தொண்டையைச் செருமினார். "வேலாயுதம். ட்ரேடு..."

"கன்னர்தானே அண்ணே?"

"குக்."

யோகராஜ் வாசலைப் பார்த்தான். "மெதுவா, அண்ணே."

பெண் பார்க்க வந்தபோது பீரங்கிப் படை என்றுதான் சொன்னார்கள். "கடுங்காப்பி போடத் தெரியாதுன்னாரே மனுஷன்!" என்றாள் தங்கம்மா. "வேற என்ன இருக்கு? போட்டோ?"

"போட்டோ இல்லக்கா. புத்தகத்தோட ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டைத் தச்சு வச்சிருக்கார்."

"சத்தமா படிங்க."

"டிசம்பர் ஒம்பது, எழுபத்தொண்ணு. அகர்தலா யூனிட்லேர்ந்து கல்கத்தா மிலிட்டரி ஆஸ்பத்திரி. காமாலை. டிஸ்சார்ஜ், ஏப்ரல் பதினாலு."

"குண்டடி மாதிரி ஏதாவது..." என்று இழுத்தான் யோகராஜ்.

"காமாலைதான் தம்பி."

"ஏப்ரல் வரைக்கும் அங்கயேவா?"

"அங்கயேதான்க்கா. சீல் இருக்கு."

சீட்டைக் காட்டியிருந்தால் ஒரே நாளில் சந்தேகம் தீர்ந்திருக்கும். கூடவே 'குக்' என்றிருந்த புத்தகத்தையும் காட்ட வேண்டியிருந்திருக்கும். மனுஷன் ஐம்பது வருஷம் கல்கத்தாக்காரியோடு இருந்துவிட்டார்.

வளையத்தைத் திருப்பி எடுத்துப்போவதும் மரியாதையாக இருக்காது என்று தேவேந்திரனுக்குப் பட்டிருக்க வேண்டும். வைத்தார். சல்யூட் நெற்றி வரை போகாமல் நின்றது. யோகராஜ் ஃப்ளெக்ஸை அவிழ்க்க ஏணி தேடிப் போனான்.

தங்கம்மா கால்மாட்டிலிருந்து நகர்ந்து தலைமாட்டுக்கு வந்தாள். அவர் உதட்டோரம் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. முந்தானையால் விசிறினாள். ஈ பறந்து போன பிறகும் விசிறிக்கொண்டிருந்தாள்.