எழுபத்தெட்டு கிலோ

“எடை குறைக்கணுமா, சுகரா, முட்டி வலியாம்மா?” என்று ஜிம்மின் பயிற்சியாளர் கேட்டாள். வயதானவர்கள் யார் வந்தாலும் கேட்கிற கேள்விதான்.

“எழுபத்தெட்டு கிலோ தூக்கணும்,” என்றாள் அவள்.

அறுபத்தொரு வயது. மகள் விட்டுப்போன டிராக் பேண்ட், கணவரின் பழைய சட்டை. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் மெஷினை நிறுத்தினான். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. இரண்டு பிள்ளை பெற்று, நாற்பதைத் தாண்டியவள்; சில விஷயங்கள் சிரிக்கிற விஷயமில்லை என்று தெரிந்தவள்.

“அவ்ளோ எதுக்கும்மா?”

“வீட்டுக்காரர்.”

குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். அவள் டெலிபோன் ஆபீசில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆயுசு முழுக்கக் குந்தியே வேலை பார்த்தவள். குன்று மாளவில்லை, நேராக அவள் இடுப்பில் வந்து குடியேறிவிட்டது. கணவர் லாரி டிரைவர். இரண்டு வருடம் முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போனது, பேச்சில் பாதியும் போனது. அன்றிலிருந்து கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு, மறுபடி நாற்காலிக்கு என்று அவரை இறக்கி ஏற்றுவது அவள் வேலை. லோடு அடிக்கிற வேலை என்று அவளே சொல்லிக்கொள்வாள். தன் முழங்காலை அவருடைய முழங்கால்களுக்கு நடுவில் கொடுத்து, அவர் இடுப்பில் கட்டிய அகலமான பெல்ட்டைப் பிடித்து, “என்னங்க, ரெடியா?” என்று கேட்டு ஒரே மூச்சில் எழுப்ப வேண்டும்.

ஒருநாள் கழிப்பறையில் அந்த மூச்சு பாதியில் நின்றது. கால் மடங்கியது அவளுக்குத் தெரியும். அடுத்து தெரிந்தது கூரை. அவர் அவள்மேல் குறுக்காகக் கிடந்தார். எப்படி உருண்டு வெளியே வந்தாள், எப்படி அவரைக் கவிழ்த்த வாளிமேல் சாய்த்து, பிறகு நாற்காலியில் ஏற்றினாள் என்பதெல்லாம் ஆண்டவனுக்கே வெளிச்சம். அதற்குமுன் அவர் ஒருமுறை கட்டிலிலிருந்து சரிந்தபோதே மகள் போனில் அழுதுகொண்டு சொல்லியிருந்தாள்: “இன்னொரு தடவை விழுந்தாருன்னா, அப்பாவ ஹோம்ல சேத்துருவேன்மா. ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல தூக்க என்னால முடியாது.” அவள் சொல்வதில் தப்பில்லை. அதனால்தான் பயமே. வீடியோ காலில் அவள் தாடையில் கன்றியிருந்த நீலத்தைப் பார்த்து மகள் கேட்டதற்கு, கட்டில் முனையில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். நாற்பது வருட தாம்பத்தியத்தில் இருவரும் சேர்ந்து சொன்ன முதல் பொய் அது.

ஜிம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. காலையில் அவரை நாற்காலியில் ஏற்றி, ஜன்னலோரம் தள்ளி, பிரேக் போட்டு, இடது கைக்கு எட்டுகிற மாதிரி தட்டில் இரண்டு முட்டை, ரொட்டி, வாழைப்பழம் வைத்துவிட்டுக் கிளம்புவாள். கதவைப் பூட்டியதுமே கேள்விகள் தொடங்கிவிடும். தொண்டையில் ரொட்டி சிக்கினால்? எழுந்து பார்க்கலாம் என்று ஆசை வந்துவிட்டால்? பாதி வழியில் அடுப்பை அணைத்தோமா என்று வேறு சந்தேகம் வரும். திரும்பும்போது தெரு முனையிலேயே நின்று மாடி ஜன்னலைப் பார்ப்பாள். அவர் தலை தெரிந்த பிறகுதான் மூச்சு விடுவாள்.

“முதுகால தூக்காதீங்கம்மா. இடுப்ப பின்னால தள்ளுங்க, தொடையால எழுந்திரிங்க,” என்று பயிற்சியாளர் தினமும் கத்தினாள். முதல் வாரம் வெறும் உடம்பைத் தூக்கி எழுவதற்கே நாக்கு தள்ளியது. பிறகு மணல் மூட்டை கொடுத்தார்கள். கட்டிப்பிடித்து, குனிந்து, மூச்சை இழுத்து, “என்னங்க, ரெடியா?” என்று மூட்டையைக் கேட்டுவிட்டாள். ஜிம்மே சிரித்தது. அவளும் வெட்கத்தோடு சிரித்தாள். அன்றிலிருந்து அந்த மூட்டைக்கு ‘மாமா’ என்று பெயராகிவிட்டது.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு காலை அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பியபோது உடம்பு சொன்னபடி கேட்டது. கால் நடுங்கவில்லை, முதுகு பிடிக்கவில்லை. அவர் நேராக வந்து நின்றார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குளியலறைக் கண்ணாடியில் கையை மடக்கிப் பார்த்துக்கொண்டாள். தளர்ந்த தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று திரண்டிருப்பதாகத்தான் தோன்றியது.

“நல்லா... தூக்கற,” என்றார் அவர், கோணிய சிரிப்போடு.

மதியமும் இரவும் அவர் பாதியில் ‘போதும்’ என்று கையைக் காட்டுவார். ஓடியாடாத உடம்புக்கு எவ்வளவு பசிக்கும் என்று அவள் வற்புறுத்துவதில்லை. காலைத் தட்டுதான் துடைத்து வைத்த மாதிரி காலியாகிவிடுகிறதே.

“நேத்து பஞ்சு மாதிரி வந்தாருன்னா பாத்துக்கோயேன்,” என்று ஜிம்மில் பெருமையடித்தாள்.

பயிற்சியாளர் மூட்டையைப் பார்த்தாள். “மாமா இன்னும் முப்பது கிலோவ தாண்டலயேம்மா?”

“மூட்டை ஒத்துழைக்காதும்மா. ஆளு ஒத்துழைப்பாரு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வழியெல்லாம் அந்த முப்பது அவளோடு கூடவே வந்தது. தெரு முனையில் நின்று ஜன்னலைப் பார்த்தாள். தலை தெரிந்தது. அப்போதும் மூச்சு சரியாக வரவில்லை. வீட்டுக்குக் கீழே கடை வைத்திருந்த டெய்லர், அவளைப் பார்த்ததும் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பூனைக்குச் சோறு போடறது நல்ல காரியம்தான். ஆனா மேல இருந்து எறியாதீங்க. நேத்து கஸ்டமர் தலையிலயே முட்டை விழுந்துருச்சு.”

“எந்தப் பூனை?”

டெய்லர் ஜன்னலுக்கு நேர் கீழே கையைக் காட்டினார். சுவரோரம் ஒரு சாம்பல் பூனை, நடக்கவே அலுத்துக்கொள்கிற அளவுக்குக் கொழுத்து, ரொட்டித் துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று படுத்தது.

அவள் படியேறினாள். முன்பெல்லாம் நடுப்படியில் ஒருமுறை உட்காராமல் ஏற மாட்டாள். இன்று நிற்கக்கூட இல்லை. அவர் முட்டை பூனைக்குப் போக, தன் உடம்பு மட்டும் தேறியிருப்பது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அவர் ஜன்னலோரம் இருந்தார். தட்டு காலி.

“சாப்ட்டேன்,” என்றார்.

தினமும் பார்க்கிற முகம் என்பதால் தேய்வது தெரியாமல் போயிருக்கலாம். இப்போது அவரை யாரோ ஒருவர் போலப் பார்த்தாள். காலர் எலும்புக்கு மேலே குழி. பெல்ட்டைத் தொட்டாள். அதில் கடைசித் துளையையும் தாண்டி புதிதாக ஒரு துளை இருந்தது. அதைக் குத்தியது யார்? அவளேதான். பெல்ட் நழுவுகிறதே என்று சமையலறைக் கத்தியால் குத்தினாள், பழைய தோல் நெகிழ்ந்துவிட்டது என்று பெல்ட்டைத் திட்டிக்கொண்டே.

“எத்தன நாளா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“உங்களத்தான் கேக்கறேன். யாருக்காக நான் அங்க போயி மணல் மூட்டையைக் கட்டிக்கிட்டு அழறேன்? நீங்க இப்படி எலும்பா நின்னா பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க? பட்டினி போட்டுக் கொன்னுட்டேன்னு சொல்ல மாட்டாங்களா?”

அவர் வாய் அசைந்தது. வார்த்தை வரத் தாமதமானது.

“அன்னைக்கு... நீ பேசல.”

“என்னைக்கு?”

“விழுந்தப்ப. கூப்ட்டேன். ரொம்ப நேரம்.” இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டார். “நான்... மேல. நகர முடியல. நீ பேசல.”

கால் மடங்கியதற்கும் கூரை தெரிந்ததற்கும் நடுவில் ஒரு நொடிதான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ரொம்ப நேரம் முழுவதையும் அவர் அவள்மேல் கிடந்தபடி, தன் கனம் அவளைக் கொன்றுவிட்டது என்று நினைத்துக் கழித்திருக்கிறார். கனத்தாலும் பயம், கனக்காவிட்டாலும் பயம் என்று இருக்கிற வீட்டில் இனி எதைத்தான் வேண்டிக்கொள்வது?

அடுக்களைக்குப் போய் முட்டையை வேகவைத்தாள். அவசரமாக உரித்ததில் பாதி வெள்ளை ஓட்டோடு போய்விட்டது. மிஞ்சியதைக் கிண்ணத்தில் பிசைந்து, நாற்காலியை ஜன்னலிலிருந்து இழுத்துத் திருப்பி, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“வாயத் தொறங்க.”

அவர் திறக்கவில்லை.

“நான் மறுபடி விழ மாட்டேன்,” என்றாள். சொல்லும்போதே அது பொய்யாகவும் இருக்கலாம் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. “தொறங்க.”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் வாயைத் திறந்தார். கரண்டி உள்ளே போய் வெறுமையாக வெளியே வந்தது. மென்றார். முட்டை செயலிழந்த கன்னத்துப் பக்கம் ஒதுங்கி, அங்கேயே புடைத்து நின்றது. அவள் தன் எச்சிலை விழுங்கிக்கொண்டு, அவர் தொண்டை அசைவதற்காகக் காத்திருந்தாள்.