பதினாறாவது வட்டம்

காலை ஏழு மணிக்குக் கண்ணாடிச் சுவர் வழியாக வெயில் சாய்வாக உள்ளே விழும். அப்போதுதான் வட்டங்கள் தெரியும். சௌந்திரம் மாப்பை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பதினைந்து. நேற்றும் பதினைந்துதான். ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு, வெளுத்து, பளபளப்பு செத்துக் கிடந்தது. விரலால் தொட்டால் சொரசொரத்தது. அதை ஒட்டியிருந்த தரையில் அவள் முகம் தெரிந்தது.

பதினாறாவது வட்டம் தூணோரத்தில், பெரிய பூந்தொட்டிக்கு அடியில் இருந்தது. அது அவளுக்கும் அவள் புருசன் வீரனுக்கும் மட்டும்தான் தெரியும்.

பத்து மணிக்குத் தரை போட்ட ஆள் வருகிறான் என்று மேனேஜர் மோகன்குமார் நேற்றே சொல்லியிருந்தார். முந்தாநாள் முதலாளி கையிலிருந்து சாவி கீழே விழுந்து, எடுக்கக் குனிந்தபோதுதான் வட்டங்களைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் இவளைப் பார்த்தார்.

“என்னத்தை ஊத்துன?”

“நீங்க குடுத்த நீலக் கேன்தானுங்க. ஒரு வாளிக்கு ஒரு மூடி.”

“வேற எதும்?”

“இல்லீங்க.”

நாமக்கல் புறவழிச்சாலையில் இந்தக் கார் ஷோரூம் திறந்து ஒன்றரை மாதம் ஆகிறது. டைல்ஸ் என்றால் வண்டி ஏறி ஏறி வெடிக்கும், கிரானைட்டில் இணைப்புக் கோடு தெரியும் என்று முதலாளி தமிழரசு கோயம்புத்தூர் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து இந்தத் தரையைத் தேர்ந்தெடுத்தார். வெறும் கான்கிரீட்டை வைரக்கல் பதித்த மிஷினால் பத்துப் பன்னிரண்டு தடவை இழைத்து, கெட்டிப்படுத்தும் மருந்து ஊற்றி, முகம் தெரிகிற வரைக்கும் மெருகேற்றியிருந்தார்கள். வேலை முடிந்த அன்று வீரன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தான்.

“நம்ம மூஞ்சிய நாமளே மிதிச்சுட்டுப் போறதுக்கு இத்தினி லட்சம்” என்றான்.

வீரன் இரவுக் காவல். லாரி பாடி கட்டும் பட்டறையில் தகடு விழுந்ததிலிருந்து அவனுக்கு வலது கால் மடங்காது. வேறெங்கும் வேலைக்கு எடுக்கவில்லை. இங்கே இருவரையும் சேர்த்து எடுத்தார்கள். பின்பக்கம் ஓர் அறையும் கொடுத்தார்கள். ஒருவரை நிறுத்தினால் இருவருக்கும் வேலை இல்லை, அறையும் இல்லை. இவர்களுக்கு முன்னால் கட்டடக் காவலுக்கு இருந்த குடும்பத்தை ஒரு மத்தியானத்தில் அனுப்பியிருந்தார்கள். சௌந்திரம் பெட்டியோடு வந்து இறங்கியபோது அடுப்பில் அவர்கள் விட்டுப்போன சோறு சூடாக இருந்தது. அன்று இவர்கள் அதைத்தான் சாப்பிட்டார்கள்.

ஆடி மாதம் முழுக்கத் தரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடியில் யாரும் புதுவண்டி எடுப்பதில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தன்று ஒரே காலையில் நான்கு வண்டிகள் போயின. நான்கும் வரிசையாக நின்றன. மாலை, பொட்டு, கேக்கு, போட்டோ. மறுநாள் காலையில் வட்டங்கள் தெரிந்தன. பழச்சாறு காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று சௌந்திரம் நினைத்தாள். தேய்த்தாள். போகவில்லை. தூணோரம் இருந்த ஒன்றில் மட்டும் பாத்ரூம் ஆசிட்டை ஒரு மூடி ஊற்றிப் பார்த்தாள். சுர்ரென்று நுரை பொங்கியது. நுரை அடங்கியபோது உள்ளங்கை அளவு இருந்தது முறம் அளவுக்கு விரிந்திருந்தது. நடுவில் மணல் தெரிந்தது.

அன்றைக்கு ராத்திரி வீரன் தொட்டியை இடுப்பால் நெட்டி நெட்டி அதன்மேல் கொண்டுபோய் வைத்தான்.

தரை போட்ட மாதேஸ்வரன் சொன்னபடி பத்து மணிக்கு வந்தான். வாழப்பாடிக்காரன். முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு சாக்குப் பை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, முதல் வட்டத்தின் பக்கத்தில் குந்தி, செல்போன் விளக்கைத் தரையோடு தரையாக வைத்து அடித்தான். பிறகு நகத்தால் சுரண்டினான். மோந்து பார்த்தான்.

மோகன்குமார் மேலே நின்றபடி, “உங்க கம்பெனி ஓனர் கலவைல ஏதோ கோளாறுங்கறாரு. ஹார்டனர் மருந்து ஊத்துனது நீதானாமா?” என்றார்.

“நான்தான் சார்.”

“அப்ப நீதான் பதில் சொல்லோணும். முதலாளி பதினொண்ணுக்கு வருவாரு.”

மேனேஜர் போன பிறகு மாதேஸ்வரன் டேப்பை எடுத்து ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்கு அளந்தான். சௌந்திரம் மாப்பைப் பிழிகிற மாதிரி வாளிப் பக்கம் நின்றாள். வாளியில் தண்ணீரே இல்லை.

“அக்கா, இங்க வா.”

போனாள்.

“வண்டி குடுக்கறப்ப சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெப்பாங்களா?”

அவள் மேனேஜர் அறையைத் திரும்பிப் பார்த்தாள். “வெப்பாங்க. வெக்காம ஆரு வண்டி எடுப்பா?”

“நசுங்குனதை எப்பத் துடைச்ச?”

“அவிய போட்டோ எடுத்து, கேக்கு வெட்டி, வண்டி எல்லாம் போனதுக்கப்பறந்தான். பொழுது சாயறப்ப. ஏறுன பழத்தை ஒடனே எடுக்கப்படாதும்பாங்க.”

மாதேஸ்வரன் வாயைத் திறந்து மூச்சு விட்டான். “பழம்தான். புளிப்பு பட்டா இந்தத் தரை வெந்துரும். முடிச்சுக் குடுத்த அன்னைக்கே உங்க மேனேஜர்கிட்டச் சொன்னேன், ஆசிட்டு, வினிகர், லெமன் எதுவும் படக்கூடாதுன்னு. உன்கிட்டச் சொல்லலையா?”

“நீலக் கேன்னு மட்டுந்தான் சொன்னாரு.”

அவன் எழுந்து டேப்பை மறுபடி இழுத்தான். ஒரு வண்டிக்கு நான்கு. அடுத்ததற்கு நான்கு. மூன்றாவதற்கு நான்கு. நான்காவதில் மூன்றுதான் இருந்தன. மூன்றாவது வட்டத்தில் டேப்பின் நுனியை வைத்துவிட்டுத் தூண் பக்கமாக நடந்தான். தொட்டியில் முட்டி நின்றது.

“இங்க ஒண்ணு இருக்கணுமே.”

சௌந்திரம் குறுக்கே வந்து நின்றாள். “அது கனமான தொட்டிங்க. நகராது.”

அவன் தொட்டியின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்தான். அடியில் பார்த்தான். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல இறக்கினான்.

“இது பழம் இல்ல.”

அவள் மேனேஜர் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள்.

“அக்கா, இதைக் காட்டுனா நான் இன்னைக்கே தப்பிச்சு வீட்டுக்குப் போயிடுவேன். துடைக்கற ஆள் ஆசிட்டு ஊத்திருச்சுன்னு சொன்னா ஆச்சு. அத்தனையும் அதுதான்னு நம்பிருவாங்க. பழம்னு சொன்னா எவன் நம்புவான்?”

“சாமி.” அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். “சாமி, ஒண்ணுலதான் ஊத்துனேன். போவுதான்னு பாக்கறதுக்கு. என்ற ஊட்டுக்காரருக்குக் கால் மடங்காது. நாங்க எங்கீங்க போறது?”

“என் ஓனர் நேத்தே சொல்லிட்டாரு. தப்பு உன்மேலன்னா மிஷினைத் தொடாதன்னு. எனக்குத் தெரிஞ்சது அந்த மிஷின் ஒண்ணுதான்.”

வாசலில் முதலாளியின் வண்டி வந்து நின்றது. மாதேஸ்வரன் சாக்குப் பையைத் தூக்கித் தொட்டியின் அடியோரம் சாய்த்து வைத்தான். எதற்காக என்று அவளுக்குப் புரியவில்லை. நகர்த்துவதற்கு முன் கையைக் காலியாக்கிக்கொள்கிறானோ என்று நினைத்தாள்.

தமிழரசு வெள்ளைச் சட்டையில் உள்ளே வந்தார். உட்காரவில்லை.

“என்ன தம்பி, என்ன கண்டுபுடிச்ச?”

சௌந்திரம் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“எலுமிச்சம்பழம்ங்க” என்றான் மாதேஸ்வரன்.

முதலாளி மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார். “எங்க அப்பாரு மொத லாரி எடுத்த காலத்துலருந்து பழம் வெக்கறோம். ரோட்டுல ஓட்டை உழுந்துச்சா? ஏம்ப்பா மோகனு, உழுந்துச்சா?”

“இல்லீங்ணா.”

“உன்ற கலவை சரியில்லைன்னு சொல்லு, ஒத்துக்கறேன். சாமி காரியத்து மேல பழியப் போடாத.”

“ஒரு பழம் குடுங்க. இப்பவே காட்டறேன்.”

மேனேஜர் பூசைத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். மாதேஸ்வரன் சுவரோரம் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் குந்திப் பாதிப் பழத்தைப் பிழிந்தான். நால்வரும் நின்றார்கள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். சாலையில் கோழி வண்டி ஒன்று போய், அந்த நாற்றம் உள்ளே வந்து போனது. சாற்றில் பொடிப் பொடியாகக் குமிழி கிளம்பியது. கொஞ்ச நேரம் கழித்து மாதேஸ்வரன் ஈரத்துணியால் துடைத்துவிட்டு விளக்கடித்தான். புதிய வட்டம், மற்றவற்றைப் போலவே வெளுப்பாக இருந்தது.

முதலாளி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

“இது தெரிஞ்சுதான் என்ற தலைல கட்டுனீங்களா?”

“மேனேஜர் சார்கிட்டச் சொன்னமுங்க.”

“ஆசிட்டு ஊத்தாதன்னுதான் சொன்னான். பழத்தைப் பத்தி ஆரு சொன்னா?” என்றார் மோகன்குமார். மாதேஸ்வரன் அவரைப் பார்த்தான். ஈரத்துணியை மடித்தான்.

“இப்ப என்ன பண்ணலாம்?” என்றார் முதலாளி.

“பழத்தை வெளிய வெச்சு ஏத்திக்கலாங்க. இல்லீன்னா அடியில ரப்பர் மேட்டு போடலாம்.”

“மேட்டா? இந்தத் தரையில வண்டி நெழல் உழுவோணும், அந்தப் போட்டோவுக்குத்தான் தரையே போட்டது. மேட்டு போட்டா சந்தைக்கடை மாதிரி இருக்கும். வெளிய வெய்யிலு. பழம் வேண்டாம்னா ஒருத்தன் வண்டி எடுக்க மாட்டான்.” அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். பார்வை தொட்டியில் நின்றது, சாக்குப் பையில் நின்றது, பிறகு சௌந்திரத்தின் மேல் நின்றது.

“நீ எதுக்கு இருக்கற?”

“ஏனுங்க?”

“பழம் நசுங்குன ஒடனே தொடைச்சா ஒண்ணுமாகாது. அதான தம்பி?”

“ஒடனேன்னா… உழுந்த நிமிசமே துடைச்சா பரவாயில்லைங்க. ஆனா…”

“அவ்வளவுதான். சக்கரத்துகிட்டயே துணியோட உக்காந்துக்க. சாறு தரையில நிக்கப்படாது. புருசனையும் ஒரு பக்கம் உக்கார வெய்யி. பகல்ல தூங்கிட்டுத்தான இருக்கான்? இனி ஒரு வட்டம் பாத்தன்னா ரெண்டு பேரும் பையத் தூக்கிக்கலாம்.” மாதேஸ்வரன் பக்கம் திரும்பினார். “நீ மறுக்கா இழைச்சுக் குடுத்துரு. அடுத்த முகூர்த்தத்துக்குள்ள. உன் ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

“நான் ஒருத்தனாவாங்க?”

“மருந்து ஊத்துனப்ப ஒருத்தன்தான?”

அவர் போய்விட்டார். சௌந்திரம் தூணிலிருந்து கையை எடுத்தாள். கையின் ஈரம் தூணில் பதிந்திருந்தது. அதைத் துடைத்தாள்.

மாதேஸ்வரன் நான்கு நாள் இழைத்தான். தொட்டியைத் தள்ளிவிட்டு முதலில் அந்தப் பதினாறாவதைத்தான் எடுத்தான். மற்றவற்றுக்கு ஆறேழு தடவை போதுமாயிருந்தது. இதற்கு மிஷினின் முரட்டுக் கல்லிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தண்ணீர் ஊற்றினால் சேறு காருக்குத் தெறிக்கும் என்று மேனேஜர் தடுத்துவிட்டதால் காய்ந்த தரையையே இழைத்தான். தூசி புகை மாதிரி எழுந்து அவன் புருவத்தில் படிந்தது. சௌந்திரம் தன் சேலையைக் கிழித்து மூக்குக்குக் கட்டக் கொடுத்தாள். கடைசி நாள் அவன் வெளியே போய் வெகுநேரம் இருமினான்.

“நல்லாப் பாத்துக்கக்கா” என்றான் கிளம்பும்போது. “மறுபடி இழைச்சா உள்ள இருக்கற ஜல்லி தெரிஞ்சுரும். அப்பறம் யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.”

முகூர்த்த நாளன்று முதல் வண்டி ஒரு பெரிய கறுப்புக் கார். ஜலகண்டாபுரத்துக் குடும்பம். ஓட்டப் போகிறவர் புதிதாக லைசென்ஸ் எடுத்த மகள். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு பழங்கள். மஞ்சள், குங்குமம், கற்பூரம். ஷோரூம் பெண் தனப்பிரியா சாவியைத் தட்டில் வைத்து நீட்டினாள்.

சக்கரம் நான்கு, ஆட்கள் இரண்டு பேர். வீரன் அந்தப் பக்கம், மடங்காத காலை நீட்டிக்கொண்டு பின்சக்கரத்தருகே உட்கார்ந்திருந்தான். அவன் முகம் வண்டிக்கு அப்பால் தெரியவில்லை. சௌந்திரம் இந்தப் பக்கம் முன்சக்கரத்தருகே, இரண்டு கையிலும் ஈரத்துணியோடு மண்டியிட்டிருந்தாள். முன்பழம் நசுங்கியதும் துடைத்து, அதே மூச்சில் பின்பழத்துக்கு நகர வேண்டும். காலையில் வெறும் வண்டிக்கு மூன்று தடவை பழகிப் பார்த்திருந்தாள். மூன்று தடவையும் பிந்தினாள்.

வண்டிக்குள் அந்தப் பெண், “அப்பா, கிளச்ச எப்ப உடறது?” என்று கேட்டாள்.

“மெதுவா உடு கண்ணு. மெதுவா.”

வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. எல்லாரும் சிரித்தார்கள். சக்கரம் சௌந்திரத்தின் விரலுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். மேனேஜர் தொண்டையைச் செருமினார். கையைத் திரும்ப நீட்டினாள்.

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். “அக்கா, உங்க தலை ஃப்ரேமுல உழுவுது. தரையில நெழலும் தெரியுது. கொஞ்சம் உள்ள போயிருங்க.”

“உள்ளன்னா எங்கீங்க?”

“வண்டிக்கு அடியில. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல படுத்துக்குங்க. கை மட்டும் நீட்டுனாப் போதும். ஒரு நிமிசம்தான்.”

அவள் மேனேஜரைப் பார்த்தாள். அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி அந்தக் குடும்பத்தின் பெரியவரிடம் தரையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

சௌந்திரம் சேலையைச் செருகிக்கொண்டு குப்புறப் படுத்தாள். தோளும் தலையும் வண்டிக்கடியில் போயின. சூடான எண்ணெய் வாடை அடித்தது. வலது கையை முன்சக்கரத்துப் பழத்தின் பக்கம் நீட்டினாள். இடது முழங்கைக்குப் பின்னால் பின்சக்கரம் நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து வீரன் மெல்ல, “ஏ புள்ள” என்றான். அவள் பதில் சொல்லவில்லை.

இன்ஜின் ஓடத் தொடங்கியது. தரை அவள் கன்னத்தின் கீழ் அதிர்ந்தது. “ரெடிங்களா? சிரிங்க. மூணு, ரெண்டு” என்று போட்டோக்காரர் எண்ணினார். அவள் வாய்க்கு நேரே தரையில் மூச்சுப் பட்டு வட்டமாக மங்கியது. சக்கரம் அசைவதற்குள் துணியை அவசரமாக இழுத்து அதைத் துடைத்தாள்.