குருத்தில் ஒரு கோடு

"இன்னைக்குத் தேதி முப்பது நோலீன், உன் வாயால நீ சரின்ன தேதி..." "சரின்னேன், யாரு இல்லேன்னா, டீயைக் குடிக்க விடு..." "இது மூணாவது டீ..." "எண்ணிக்கிட்டா இருக்கே?" "எண்ணாம? போய்ப் பாரு, கோடு ஏறியிருந்தா மரம் இருந்துட்டுப் போகட்டும், ஏறலைன்னா நான் ரம்பத்தை எடுப்பேன், அதானே பேச்சு?" "ரம்பம் ரம்பம்னு... நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட உன் முகத்துல இத்தனை ஆசையை நான் பாக்கல செல்வின்." "அன்னைக்கு என் கையில ரம்பம் இல்லையே!" சொல்லிவிட்டு அவனே சிரித்தான், எனக்குச் சிரிப்பு வந்தது, வெளியே காட்டவில்லை, கோப்பையை வேண்டுமென்றே மெதுவாகக் கழுவி வைத்தேன், ரப்பர் பூட்ஸை மாட்டினேன், வலது மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்கவில்லை, அவன் குனிந்து இழுத்து விட வந்தான், வேண்டாம் என்றேன்.

சமையலறைக் கதவிலிருந்து மரத்துக்கு ஐம்பது அடி, அந்த ஐம்பது அடியை நான் ஆறு வாரமாக நடக்கவில்லை, சன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி, யாராவது கேட்டால் கை சரியாகட்டும் என்பேன், கை போன மாதமே கட்டுப் பிரித்தாயிற்று... பயமா நோலீன்? எனக்கா? இந்தக் காட்டிகாட்டி ஊரே கூடி நின்று முடியாது என்றபோது முடியும் என்று சொன்னவள் நான். செடிக்கடைக்காரர் சிரித்தார், "அம்மா, வனுவாட்டுத் தீவுப் பனை அது, வெயில் குடிச்சு வளர்றது, இங்க ஒரு குளிர்காலம் தாண்டாது" என்றார், எட்டு குளிர்காலம் தாண்டியது, ஒவ்வொரு வசந்தத்துக்கும் அவருக்கு ஒரு புகைப்படம் அனுப்பினேன், பதிலே வராது, வராவிட்டால் என்ன. அந்தத் தீவுக் காட்டிலேயே கொஞ்சம் மரங்கள்தான் மிச்சமாம், கோழிமுட்டை அளவு விதை, எங்கள் பனை வளர்ப்போர் சங்கத்துச் செயலாளர் ரேவின் ஒரு கூட்டத்தில் ஈரப்பாசியில் பொதிந்து என் கையில் வைத்தாள், வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில் துண்டுகளுக்கு நடுவில் பதினோரு மாதம் வைத்திருந்தேன், செல்வின் குளித்துவிட்டு வந்து துண்டை முகர்ந்து பார்ப்பான், "புதைகுழிக்குள்ள துடைச்சுக்கற மாதிரி இருக்கு" என்பான், பன்னிரண்டாவது மாதம் வெள்ளையாக ஒரு முளை, பூனைப் பல் போல, அன்றைக்கு அவன்தான் முதலில் பார்த்தான், அவன்தான் கத்தினான்... அதை ஏன் இப்போது நினைக்கிறேன்?

புல் ஈரமாக இருந்தது, காலை அகட்டி அகட்டி வைத்தேன், ஃபீஜோவாப் பழச்செடி வேலியோரம் எங்கள் நாட்டுப் பனை நீக்காவ் இரண்டு நிற்கின்றன, அவன் எப்போதும் அவற்றைத்தான் காட்டுவான், "தண்ணி கேக்குதா, போர்வை கேக்குதா, அது பாட்டுக்கு வளருது, உனக்கு இது மரமாத் தெரியலையா?" அது பாட்டுக்கு வளர்கிறதற்கு நான் எதற்கு செல்வின்? இதை அவனிடம் சொல்லியிருக்கிறேனா, மனதுக்குள்தான் சொன்னேனா, இத்தனை வருஷத்தில் எது சொன்னது எது சொல்லாதது என்றே பிரிக்க முடிவதில்லை.

இங்கேதான் விழுந்தேன், இந்தச் சரிவில், ஜூலையில், எங்கள் பக்கத்து நடுக்குளிர்காலத்தில், விடிந்ததும் விடியாததுமாய், புல்லெல்லாம் உப்புத் தூவியது போல உறைபனி, ஓடினேன், எழுபத்து மூன்று வயதில் யார் ஓடச் சொன்னது... ஓடாமல் என்ன செய்ய, முந்தைய நாள் ராத்திரி சன்னல் வழியாக மரம் தேர்த்திருவிழா மாதிரி மினுங்குவதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேனே, சளி, காய்ச்சல், அன்றைக்கு வெளியே போக முடியவில்லை. உறைபனி வரும் என்று வானொலியில் சொன்னால் துணியைப் போர்த்தி, உள்ளே குண்டு பல்பு மாலையைச் சுற்றி விடுவோம், எங்களுக்கு வேண்டியது வெளிச்சமில்லை, சூடு, அந்தக் கால பல்புதான் சூடு தரும், பழைய சாமான் கடையெல்லாம் ஏறி இறங்கிச் சேர்த்து வைத்திருந்தேன், அன்றைக்குப் பார்த்து அந்த மாலை அணைந்து போனது. செல்வின் டவுனுக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தான், எல்இடி, இருநூறு விளக்கு, கட்டிலருகே வந்து என் கையில் வைத்துக் காட்டினான், "தொட்டாக்கூடச் சுடாது, பாத்தியா!" அத்தனை பெருமை முகத்தில். தொட்டாலும் சுடாது என்றான், என் காதில் விழுந்தது, "சுத்திட்டு வா" என்றேன். நானேதான் சொன்னேன், சுடாத விளக்கு மரத்துக்கு எதற்கு என்று விடிகாலையில்தான் உறைத்தது, எழுந்து ஓடினேன். பிறகு இரண்டு மாதமாக "வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவனை வைத்துச் சிரிக்கிறேன், அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை, வாய்க்கு வாய் பேசுகிறவன், நீதானே சுற்றச் சொன்னாய் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை?

நடுக்குருத்து நுனி பழுப்பாகிப் போயிருந்ததைப் பார்க்க ரேவின் வந்தாள். எங்கள் சங்கத்தார் ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தால் வீட்டுக்காரருக்குக் கை கொடுப்பதற்கு முன் குருத்தைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்ப்பார்கள், அசையாவிட்டால் உயிர், கையோடு வந்துவிட்டால் அடியில் அழுகல், மரம் போச்சு. கை நீட்டினாள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு குறுக்கே நின்றேன். "தொட்டே, இந்தக் கட்டாலயே மண்டையைப் பிளப்பேன்." "தெரிஞ்சுக்க வேணாமாடி?" "வேணாம். ஒட்டிக்கிட்டு இருக்கறதையும் இழுத்து இழுத்தே பிடுங்கியிருக்கீங்க, உன் தோட்டத்துல எத்தனை போச்சு, சொல்லவா?" ரேவின் கோபித்துக்கொள்ளவில்லை, "அப்ப கோடு போடு" என்றாள். குருத்து வெளியே வருகிற இடத்தில், பக்கத்து மட்டையின் வாய்க்கு நேராகக் குருத்தின் மேல் மார்க்கரால் ஒரு கோடு, குருத்துக்கு உயிர் இருந்தால் வளரும், கோடும் மட்டையைத் தாண்டி மேலே ஏறும், இல்லாவிட்டால் அங்கேயே நிற்கும். போட்டேன். செல்வின் பின்னால் வந்து நின்று, "செப்டம்பர் முடியட்டும், ஏறலைன்னா வெட்டிடலாம், இன்னொரு தடவை இந்தப் புல்லுல விழுந்தீன்னா உன்னைத் தூக்க எனக்குத் தெம்பு இல்ல நோலீன்" என்றான், குரல் ஒரு மாதிரி இருந்தது, அந்தக் குரலுக்காகத்தான் சரி என்றேன், மரத்துக்காக இல்லை.

வந்துவிட்டேன். முதலில் கோட்டைப் பார்க்கவில்லை, வெளி மட்டைகளைப் பார்த்தேன், கமுகு மட்டை போல வளைந்து பச்சையாக, திமிராக, பிறகு பார்த்தேன்... மட்டையின் வாய்க்கு மேலே, ஒரு விரல் அகலம் மேலே, கறுப்பாக. ஏறியிருக்கிறது. ஏறியிருக்கிறது! "செல்வின்! ஏறியிருக்கு! ரம்பத்தை எடுத்துக் கொட்டகையில மாட்டு, செடிக்கடைக்காரன் வந்து பாக்கட்டும், உன் நீக்காவ் வந்து பாக்கட்டும்!" சமையலறைச் சன்னல் திறந்தது, அவன் தலை, "பாத்தியா! நான் சொல்லல? ஒரு விரல் இருக்குமா?" "ஒரு விரல்!" என்று கத்தினேன், ஒரு விரல்... அங்கிருந்து அவனுக்கு எப்படித் தெரியும்? இந்தக் குளிரில், மண் இன்னும் சில்லென்று இருக்கும்போது, எந்தப் பனை ஒரு விரல் வளர்ந்தது?

குனிந்து கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு பார்த்தேன். நான் கோடு போட்டது இடது கையால், வலது கை கட்டுக்குள் இருந்தது, மண்புழு நெளிந்த மாதிரி வந்தது, ரேவின்கூடச் சிரித்தாள். இது நேர்க்கோடு. இரண்டு முனையும் வெட்டி வைத்தாற்போல, நாற்பது வருஷம் சாலைகளுக்கு வரைபடம் போட்ட செல்வினின் கை போட்டது போல. கீழே மட்டையின் வாயருகே துடைத்த இடம் ஒன்று, சாம்பல் நிறத்தில், என் மண்புழு அங்கேதான் நின்றதா, கொஞ்சமாவது மேலே ஏறிய பிறகுதான் துடைத்தானா, இனி யாராலும் சொல்ல முடியாது, இரண்டு மாதமாக எனக்கிருந்த ஒரே சாட்சி அது, அதையும் துடைத்துவிட்டு... வெட்டு வெட்டு என்று என்னைத் துரத்தியது இதற்காகத்தானா, போய்ப் பார், போய்ப் பார் என்றது? மூன்றாவது டீயை எண்ணிக்கொண்டிருந்தது?

குருத்தைப் பிடித்து லேசாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான், தெரிந்துவிடும். கை அதன் மேல் போய் நின்றது, சில்லென்று, வழுவழுப்பாக... இல்லை, மாட்டேன், ரேவினுக்காகவும் மாட்டேன், உனக்காகவும் மாட்டேன் செல்வின், அழுகியிருந்தாலும் அது அழுகி முடிக்கிறவரை நிற்கட்டும், அடுத்த குளிர்காலத்துக்கும் போர்த்துவேன், குண்டு பல்பு தேடிப் போவேன், இந்தச் சரிவில் கைத்தடியோடு இறங்குவேன், யார் தடுக்கிறார்கள் பார்க்கலாம். பையில் மார்க்கர் இருந்தது. வலது கையாலேயே, மட்டையின் வாய்க்கு நேராக, துடைத்த இடத்தின் மேலேயே இன்னொரு கோடு இழுத்தேன், மணிக்கட்டு வலித்தது, நெளிந்துதான் வந்தது, கட்டுப் பிரித்த பிறகும் என் கோடு நெளிகிறது.

நிமிர்ந்தேன். சன்னலில் அவன் தலை இன்னும் அங்கேயே, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டு. சட்டென்று குழாயைத் திறக்கும் சத்தம், கழுவ ஒரு கோப்பைகூட அங்கே இல்லை, எல்லாவற்றையும் நானே கழுவி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

"ஏன் செல்வின், கொஞ்சம் கோணலாப் போடத் தெரியாதா உனக்கு?"